பயணத்துக்கு முன் தடுப்பூசிக் கணக்கு: சுங்கை சிப்புட் கிளினிக் ஒன்றின் ஆலோசனைச் சேவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைவரிசை ஒன்றில் இயங்கும் சிறிய தனியார் கிளினிக்கில், வெளிநாடு செல்வோருக்கான தடுப்பூசி ஆலோசனைக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கும் சளிக்கும் எம்சி எனும் மருத்துவ விடுப்புச் சான்று வாங்குவதற்கும் வருகிறவர்கள் காலையில் வந்து போய்விட, பிற்பகலில் இந்த ஆலோசனை நடக்கிறது. தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போகிறவர்கள், சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், மக்காவுக்கு உம்ரா யாத்திரை செல்லும் மலாய்க்காரக் குடும்பங்கள் என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். குறைகளையும் எழுதவிருப்பதால் கிளினிக்கின் பெயரைத் தவிர்க்கிறேன். கோவிட் தடுப்பூசியை இவர்கள் போடுவதே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசியை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால், ஏற்கெனவே போட்ட ஊசிகளுக்கு என்ன கணக்கு, இன்னொன்று வேண்டுமா வேண்டாமா என்ற குழப்பத்தோடு போகிறவருக்கு இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்லும் இடம் இந்த வட்டாரத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் போனது அம்மாவுக்காக. எழுபத்திரண்டு வயதாகிறது, இனிப்பு நீர் நோய் உண்டு. உறவினர்களோடு பழனி, இராமேசுவரம் போய்விட்டு, பிறகு என்னோடு இங்கிலாந்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கும் வருவதாகத் திட்டம். யாத்திரைக் குழுவை ஏற்பாடு செய்த முகவர், நான்காவது ஊசி போடாதவர்களை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். அதே குழுவில் வரும் பெரியம்மாவோ, மூன்று போட்டாலே போதும், ஆயுளுக்கும் செல்லும் என்று வேறொருவர் சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருவர் சொன்னதும் தவறு. இப்படிப்பட்ட அரைகுறைச் செய்திகள்தாம் இந்தக் கிளினிக்குக்கு ஆள் அனுப்புகின்றன என்று தோன்றுகிறது. காத்திருந்த வேளையில் பக்கத்து நாற்காலிகளில் காதில் விழுந்த பேச்சும் ஏறக்குறைய இதே தான்.

மருத்துவர் எதையும் பேசுவதற்கு முன் ஆவணங்களைக் கேட்டார். அம்மா தன் கைப்பையைத் திறந்து, ஐசி எனும் அடையாள அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் நான்காக மடித்துச் செருகியிருந்த தடுப்பூசி அட்டையை எடுத்துக் கொடுத்தார். மடிப்புத் தேய்ந்து, இரண்டாவது டோஸின் தொகுதி எண் பாதி அழிந்திருந்தது. மருத்துவர் அதை மேசை மேல் விரித்து, பக்கத்தில் என் கைப்பேசியில் மைசெஜாத்ரா எனும் அரசு சுகாதாரச் செயலியில் திறந்த பதிவையும், அதற்கும் பக்கத்தில் இரண்டு கடப்பிதழ்களையும் வரிசையாக வைத்து, பெயர், பிறந்த தேதி, ஊசியின் பெயர், போட்ட நாள் என்று ஒவ்வொன்றாகப் பென்சிலால் குறி போட்டுக்கொண்டே வந்தார். பிறகு மேசை நாள்காட்டியில் அம்மா புறப்படும் தேதியை வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணினார். இந்த வரிசைப்படுத்தலுக்குத்தான் நாம் கட்டணம் கொடுக்கிறோம் என்று சொன்னால் மிகையாகாது. வேறு பல இடங்களில் "எத்தனை ஊசி போட்டிருக்கீங்க?" என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

எத்தனை என்ற அந்தக் கேள்விக்கு ஏன் நேரான பதில் இல்லை என்பதை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. மலேசியாவில் தேசியத் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24 அன்று தொடங்கியபோது நமக்குக் கிடைத்தவை ஒரே வகை ஊசிகள் அல்ல. ஃபைசர், சினோவேக், அஸ்ட்ராசெனெகா ஆகியவற்றுக்கு இரண்டு டோஸ் சேர்ந்ததுதான் அடிப்படைச் சுற்று. கேன்சினோவுக்கு ஒரே டோஸ். இரண்டு டோஸ் ஊசிகளுக்கு இரண்டாவது போட்ட 14 நாள் கழித்தும், ஒரு டோஸ் ஊசிக்கு 28 நாள் கழித்தும்தான் ஒருவர் முழுமையாகத் தடுப்பூசி போட்டவர் என்று நம் நாட்டில் கணக்கிட்டார்கள். அதன் மேல் போடுவதுதான் பூஸ்டர். ஆனால் அம்மாவைப் போல அறுபது வயதைக் கடந்து சினோவேக் போட்டவர்களுக்கு, மூன்றாவது டோஸும் அடிப்படைச் சுற்றிலேயே சேர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2021 அக்டோபரில் பரிந்துரைத்தது. செயலிழக்கச் செய்த கிருமியால் ஆன அவ்வகை ஊசிகள், வயதானவர்களின் உடம்பில் இரண்டு டோஸில் போதிய எதிர்ப்பாற்றலை உண்டாக்கவில்லை என்பதே காரணம். ஆகவே, அம்மா 2022 தொடக்கத்தில் போட்டுக்கொண்ட ஃபைசர் ஊசி, செயலியில் பூஸ்டர் என்று பதிவாகியிருந்தாலும், அந்தப் பரிந்துரையின்படி பார்த்தால் அடிப்படைச் சுற்றை நிறைவு செய்த ஊசிதான். அதே காலத்தில் இரண்டு ஃபைசரும் ஒரு ஃபைசர் பூஸ்டரும் போட்ட எனக்கும் எண்ணிக்கை மூன்று. எண் ஒன்றாக இருந்தாலும் நிலை ஒன்றல்ல.

இதற்குப் பிறகு அவர் பேச்சை இரண்டாகப் பிரித்தார். போகிற நாடு என்ன கேட்கிறது என்பது ஒன்று. போகிறவரின் உடம்புக்கு என்ன தேவை என்பது வேறொன்று. இந்தப் பிரிவினைதான் இச்சேவையின் உயிர்நாடி என்பது என் கருத்து. யாத்திரை முகவர்களும் வாட்ஸ்அப் பண்டிதர்களும் இரண்டையும் கலந்து பேசுவதால்தான் வயதானவர்கள் ஒருபுறம் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், மறுபுறம் தேவையான ஊசியையும் தவிர்த்துவிடுகிறார்கள்.

நாடுகள் கேட்பதைப் பொறுத்தவரை, இன்றைய பதில் சுருக்கமானது: பெரும்பாலான நாடுகள் கோவிட் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பதை நிறுத்திவிட்டன. பிரிட்டன் தன் எல்லைக் கட்டுப்பாடுகள் அனைத்தையும் 2022 மார்ச் 18 அன்றே நீக்கியது. இந்தியா, பயணிகள் முன்கூட்டியே நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவத்தை 2022 நவம்பர் 22 முதல் கைவிட்டது. சிங்கப்பூர் 2023 பிப்ரவரி 13 அன்றும், ஜப்பான் அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்றும், அமெரிக்கா மே மாதத்திலும் விதிகளைத் தளர்த்தின. உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆக, நான்காவது ஊசி இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்ற குரல்பதிவுக்கு, அம்மா போகும் இரண்டு நாடுகளைப் பொறுத்தவரை, அடிப்படையே இல்லை.

அப்படியானால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நாடுகள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்த 2021, 2022 ஆண்டுகளின் எச்சம்தான் அது என்றார். பிரிட்டன் 2021 நவம்பர் 22 வரை சினோவேக்கை ஏற்கவில்லை. அதற்கு முன் அங்கே போக நினைத்தவர்கள், உலகச் சுகாதார நிறுவனம் அதே ஊசியை ஜூன் மாதத்திலேயே தன் பட்டியலில் சேர்த்திருந்தும், தடுப்பூசி போடாதவர்களாகவே நடத்தப்பட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 பிப்ரவரி முதல், அடிப்படைச் சுற்றுக்கான சான்றிதழ் 270 நாள்களுக்குத்தான் செல்லும் என்று விதித்தது. அதற்கு மேல் பயணம் செய்ய வேண்டுமானால் பூஸ்டர் தேவைப்பட்டது. ஜப்பான் மூன்று டோஸ் கேட்டது, இல்லையேல் பரிசோதனை முடிவு. கேன்சினோ 2022 மே மாதம்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஏறியது, அதனால் ஒரே ஊசியோடு நிம்மதியாக இருந்தவர்கள் வெளிநாட்டுப் பயணம் என்று வந்தபோது திகைத்தார்கள். நம் நாட்டிலேயே, சினோவேக் போட்ட பெரியவர்களும் அறுபது வயதைக் கடந்தவர்களும் 2022 ஏப்ரல் முதல் பூஸ்டர் இருந்தால்தான் முழுமையாகப் போட்டவர்கள் என்ற விதி வந்தது. இவை அனைத்தும் அன்று உண்மை. யாரோ எப்போதோ கேட்ட உண்மை, தேதி உதிர்ந்து போன பிறகும் குடும்பக் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உடம்பின் கேள்விக்கு அவர் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார், அது சரியும்கூட. ஊசியால் வரும் எதிர்ப்பணுக்கள் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். கிருமியும் ஒமிக்ரோனுக்குப் பிறகு உருமாறிக்கொண்டே போகிறது. கடுமையான நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு, தொற்றைத் தடுக்கும் ஆற்றலைவிட நீண்ட நாள் நிற்கும் என்றாலும், முதியவர்களிடத்திலும் நாள்பட்ட நோய் உள்ளவர்களிடத்திலும் அதுவும் தேய்கிறது. ஆகவேதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2023 மார்ச்சில் மக்களை மூன்று நிலையாகப் பிரித்தது. முதியோரும், எளிதில் பாதிக்கப்படக்கூடிய நோய் உள்ளவர்களும் கடைசி டோஸுக்கு ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு அடிப்படைச் சுற்றும் ஒரு பூஸ்டரும் போதும், அதற்கு மேல் வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை. ஊசியின் உள்ளடக்கமும் மாறிவிட்டது. 2023-இல் எக்ஸ்பிபி 1.5 வகைக்கும், 2024-இல் ஜேஎன் 1 வகைக்கும் ஏற்பப் புதுப்பித்த ஊசிகள் வந்தன. நான்காவதா ஐந்தாவதா என்ற எண்ணிக்கைக்கு இதனால் பொருளில்லாமல் போயிற்று. அம்மாவுக்கு இதைப் புரியவைக்க அவர் சொன்ன உவமை இன்னும் நினைவிருக்கிறது. "அம்மா, காருக்கு ரோட்டேக்ஸ் எத்தனை தடவை கட்டினீங்கன்னு போலீஸ்காரர் கேட்க மாட்டார். கடைசியா எப்பக் கட்டினீங்கன்னுதான் பார்ப்பார்" என்றார். அம்மா சிரித்துவிட்டு, "அப்ப எனக்கு ரொம்ப நாளா பாக்கி இருக்கு டாக்டர்" என்றார்.

முடிவில் அம்மாவுக்கு, வயதையும் இனிப்பு நீரையும் கருதி, புதுப்பித்த ஊசி ஒரு டோஸ் போட்டுக்கொள்வது நல்லது என்று எழுதித் தந்தார். எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் புறப்படும் நாளுக்கு இரண்டு வாரமாவது முன்பே போட்டுவிட வேண்டும். கைவலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் வரக்கூடும் என்பதால் விமானம் ஏறும் வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. சளிக்காய்ச்சல் ஊசியை அதே நாளில் மற்றக் கையில் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். தமிழ்நாட்டுப் பயணத்துக்கு அவர் உண்மையில் அழுத்திச் சொன்னது டைஃபாய்டு ஊசியைத்தான். அதையும் இரண்டு வாரத்துக்கு முன் போட வேண்டும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கே தாங்கும். வெளியூர் உணவையும் தண்ணீரையும் நம்பிப் போகும் ஒரு யாத்திரைக் குழுவில், ஒரு மாத காலம் கோவிட் ஊசியைப் பற்றியே வாக்குவாதம் நடந்து, டைஃபாய்டு பற்றி ஒருவரும் வாய் திறக்காமல் இருந்தது விந்தைதான். எனக்கோ, "உங்களுக்கு இப்போது எதுவும் அவசியமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கோவிட் ஊசி விற்கும் இடமாக இருந்திருந்தால் இந்த வரி இவ்வளவு எளிதாக வந்திருக்குமா என்பது சந்தேகமே.

பதிவுகளைச் சீர்செய்யும் வேலையையும் இந்தச் சேவையில் சேர்த்திருக்கிறார்கள். இதைத் தாதியே கவனிக்கிறார். எல்லோரும் மிஸி என்று அழைக்கும் அந்தப் பெண்மணி, அம்மாவின் மைசெஜாத்ரா பதிவில் இருந்தது காலாவதியான கடப்பிதழ் எண் என்பதை நான் உட்காரும் முன்பே கண்டுபிடித்துவிட்டார். 2021-இல் பதிந்த எண்ணைப் பலரும் மாற்றுவதில்லை. இடையில் கடப்பிதழ் புதுப்பித்திருப்பார்கள். தோட்டத்து முதியவர்கள் பலரின் பதிவு மகன் அல்லது மருமகளின் கைப்பேசியில் சார்ந்தவர் கணக்காக இருக்கிறது. அந்தப் பிள்ளை கைப்பேசியை மாற்றியதும் கடவுச்சொல்லோடு பதிவும் மறைந்துவிடுகிறது. பெயரில் உள்ள எழுத்துக்கூட்டல் இன்னொரு தொல்லை. பழைய பிறப்புப் பத்திரத்தில் கிராணி எனப்படும் எழுத்தர் ஒருவிதமாக எழுதியதும், ஐசியில் வேறுவிதமாக ஏறியதும், பயணச்சீட்டில் இன்னாரின் மகள் என்பதைக் குறிக்கும் ஏபி என்ற பகுதி காணாமல் போவதுமாக ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். சான்றிதழை யாரும் கேட்காத காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்கலாம். வெளிநாட்டில் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், என்ன ஊசி எப்போது போட்டார் என்பதைச் சொல்ல ஒரு தெளிவான தாள் கையில் இருப்பது நல்லது என்பது மிஸியின் வாதம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அச்செடுத்துக் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

உம்ரா செல்வோருக்கான மூளைக்காய்ச்சல் ஊசியை இங்கேயே போடுகிறார்கள். சவூதி அரேபியா அதைக் கட்டாயமாகக் கேட்கிறது, போய்ச் சேருவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். கோவிட் சான்றிதழோடு இதைக் குழப்பிக்கொண்டு வருகிறவர்களும் உண்டாம்.

இனி குறைகள். காத்திருக்கும் அறைச் சுவரில், எந்த நாட்டுக்கு எத்தனை டோஸ் என்று நிறம் தீட்டிய பெரிய அட்டவணை ஒன்று இன்னும் தொங்குகிறது. கீழே சிறிய எழுத்தில் 2022 என்று போட்டிருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? முகப்பில் இருந்த இளம்பெண், தொலைபேசியில் அழைத்த ஒருவருக்கு அந்த அட்டவணையைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். உள்ளே மருத்துவர் இவ்வளவு கவனமாகக் களையும் அதே பழைய செய்தியை வெளியே சுவர் விதைத்துக்கொண்டிருக்கிறது. மருத்துவரிடம் சொன்னேன், எடுத்துவிடுவதாகச் சொன்னார், அடுத்த முறை போனபோதும் அது அங்கேயே இருந்தது. ஓர் ஆலோசனைச் சேவைக்கு இது சிறிய குறையன்று.

கையில் தரும் ஆலோசனைத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ் மட்டுமே சரளமாக வாசிக்கும் முதியவர்கள் என்னும்போது, ஒரு பக்கத் தமிழ்த் தாள் அச்சிடுவது பெரிய செலவாக இராது. மருத்துவர் தமிழிலேயே அழகாக விளக்குகிறார் என்பது உண்மைதான், ஆனால் வீட்டுக்குப் போனதும் அம்மா அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்கும்படிதான் ஆயிற்று. கையெழுத்தும் மருத்துவர்களுக்கே உரிய கையெழுத்து. நேரம் குறித்துக்கொண்டு போனாலும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது, நாற்காலிகளும் போதவில்லை. சனிக்கிழமை ஆலோசனை இல்லை என்பது, தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளத்தை இழக்கச் செய்யும் ஏற்பாடு.

கட்டணத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆலோசனைக்கு 35 வெள்ளி வாங்கினார்கள். நான் கூடவே உட்கார்ந்து என் பதிவையும் காட்டியதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. டைஃபாய்டு ஊசிக்கு உள்ள விலையை முன்னதாகவே சொல்லி, வேண்டுமானால் ஈப்போவில் விசாரித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். கோவிட் ஊசிக்கு அரசு சுகாதார நிலையத்துக்குத்தான் போக வேண்டும். எல்லா நிலையங்களிலும் அது கையிருப்பில் இருப்பதில்லை என்பதால், மிஸியே தொலைபேசியில் விசாரித்து, எங்கே எந்த நாளில் போடுகிறார்கள் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுத் தாள் இல்லாவிட்டால் நாங்கள் வீணாக அலைந்திருப்போம்.

வயது குறைந்த, நோயில்லாத, பதிவு ஒழுங்காக உள்ள ஒருவர் இந்தக் கட்டணத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. போகிற நாட்டின் தூதரக அறிவிப்பையும் விமான நிறுவனத்தின் அறிவிப்பையும் புறப்படுவதற்கு முன் ஒருமுறை பார்த்தாலே போதும். அறுபதைக் கடந்தவர்கள், இனிப்பு நீர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு ஊசி போட்டுக் கணக்குத் தெரியாமல் இருப்பவர்கள் ஆகியோருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால், மருத்துவருக்கும் மிஸிக்கும் நாலரை, காத்திருக்கும் அறைக்கு இரண்டு.

போகிறவர்கள் ஐசி, பழைய கடப்பிதழ், புதிய கடப்பிதழ், தடுப்பூசி அட்டை, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பயணத் தேதி ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மைசெஜாத்ரா பதிவு யாருடைய கைப்பேசியில் இருக்கிறதோ அவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. புறப்படும் நாளுக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னதாகப் போனால், இரண்டு வார இடைவெளி தேவைப்படும் ஊசிகளையும் அரசு நிலையத்தில் நாள் கிடைப்பதற்கான காத்திருப்பையும் அவசரமில்லாமல் சமாளிக்கலாம்.